வீட்டிலேயே இஞ்சி சோடா: ஸ்டார்ட்டரிலிருந்து பாட்டில் வரை முழுமையான வழிகாட்டி

இஞ்சி சோடாவை வீட்டில் நொதிக்க வைத்துச் செய்து பார்க்கும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பாட்டிலை மூடும்போது உள்ளே எவ்வளவு சர்க்கரை மிச்சம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

குளிர் தேசத்துச் செய்முறையைப் பார்த்து லிட்டருக்கு 80, 100 கிராம் சர்க்கரை கரைக்கிறார்கள். 'இரண்டு மூன்று நாள் வெளியில் வைத்துவிட்டு ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள்' என்ற வரியை அப்படியே நம்புகிறார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துச் சித்திரை வெயிலில் அந்த மூன்று நாள் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். கல்யாணத்துக்கு வெளியூர் போய்விட்டுத் திரும்பினால் பாட்டில் வெடித்து, அலமாரி முழுக்க ஒட்டிக்கிடக்கும்.

இங்கே சொல்லும் முறை வேறு. பாட்டிலுக்குள் போகும் சர்க்கரையை நுரைக்கு வேண்டிய அளவோடு நிறுத்திவிடுகிறோம். இனிப்பை, குடிக்கும்போது டம்ளரில் சேர்த்துக்கொள்கிறோம். வெளிநாடுகளில் வீட்டில் லாகர் பீர் செய்பவர்களும் பாட்டில் கட்டத்தில் இதைத்தான் செய்கிறார்கள்: சர்க்கரை முழுக்க நொதித்து முடிந்த பிறகு, கொஞ்சம் சர்க்கரையை அளந்து போட்டு மூடுவார்கள். அந்த ஒழுங்கை நாம் இஞ்சிக்குக் கொண்டுவருகிறோம்.

1. முதலில் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீரில் 4 கிராம் சர்க்கரை முழுவதும் நொதித்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் கரியமில வாயு உண்டாகும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

லிட்டருக்கு 100 கிராம் போட்டால் 25 லிட்டர் வாயு. எந்தப் பாட்டிலும் அதைத் தாங்காது. லாகர் பீரில் இருப்பது சுமார் இரண்டரை லிட்டர்தான்.

நாம் போடப்போவது லிட்டருக்கு 6 கிராம். அதனால் ஒன்றரை லிட்டர் வாயு. இஞ்சிச் சாறு, எலுமிச்சை, ஸ்டார்ட்டர் (நொதித்தலைத் தொடங்கி வைக்கும் இஞ்சிக் கரைசல்) ஆகியவற்றில் இருக்கும் கொஞ்சம் சர்க்கரையையும் சேர்த்தால் இரண்டு லிட்டருக்குப் பக்கம் வரும். கடைச் சோடா போலச் சுள்ளென்று மூக்கில் ஏறாது. மெல்லிய நுரையாக, இஞ்சிக் காரத்தோடு இறங்கும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. கடைச் சோடாவின் வேகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஈஸ்ட் நொதித்தால் வாயுவோடு சாராயமும் கொஞ்சம் உண்டாகும். இந்த அளவில் அது அரை சதவீதத்தை ஒட்டி நிற்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளில், மதுபானம் என்ற வகை தொடங்குவதும் அரை சதவீதத்துக்கு மேல்தான். சர்க்கரையைக் கூட்டினால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். அதனால் 6 கிராமைக் கூட்டவே வேண்டாம், விற்கவும் வேண்டாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள். விரதம் இருப்பவர்களும் மருந்து சாப்பிடுபவர்களும் வீட்டுக்கு வந்தால், டம்ளரை நீட்டும் முன்பே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

கீழே உள்ளது 5 லிட்டருக்கான அளவு.

இஞ்சி 300 கிராம். ஸ்டார்ட்டருக்குத் தனியாக 50 கிராம். வெள்ளைச் சர்க்கரை 30 கிராம், ஸ்டார்ட்டருக்கு இன்னொரு 40 கிராம். எலுமிச்சைச் சாறு 150 மில்லி. பழத்தின் சாறைப் பொறுத்து எட்டிலிருந்து பத்து பழம் பிடிக்கும். தண்ணீர் சுமார் ஐந்து லிட்டர்.

கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு கட்டாயம் வேண்டும். ஸ்பூன் கணக்கு இதற்கு உதவாது. ஒருவர் தலைதட்டி எடுப்பார், இன்னொருவர் கோபுரமாக எடுப்பார். இரண்டுக்கும் இடையில் சர்க்கரை இரண்டு மடங்காகிவிடும்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். கும்பகோணத்துப் பித்தளை அண்டாவும் செம்புத் தவலையும் பல வீடுகளில் உண்டு. ஆனால் எலுமிச்சைப் புளிப்பு பட்டால் உலோகம் கரைந்து இறங்கும். ஈயம் பூசியிருந்தாலும் இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். அலுமினியமும் வேண்டாம்.

வெள்ளைச் சர்க்கரையையே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாட்டுச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் ஈரம் ஆளுக்கு ஆள், கட்டிக்குக் கட்டி மாறும். 30 கிராம் எடுத்தாலும் அதில் உண்மையான சர்க்கரை எவ்வளவு என்று தெரியாது. வெல்லத்தின் வாசனை வேண்டுமென்றால் கடைசியில் டம்ளரில் ஊற்றும் பாகில் அதைச் சேர்க்கலாம்.

தண்ணீர் விஷயத்தில் ஊருக்கு ஊர் கவனம் வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருக்கும். அதில் செய்தால் சோடா வாயில் வைக்க விளங்காது. கொள்ளிடத்திலிருந்து குழாயில் வரும் குடிநீர் நல்லதுதான், ஆனால் குளோரின் கலந்திருக்கும். குளோரின் ஸ்டார்ட்டரில் உள்ள உயிர்களைக் கொல்லும். அதனால் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள், போய்விடும். கேன் தண்ணீரையும் இப்படிக் கொதிக்க வைத்தே எடுங்கள்.

நாள் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். ஸ்டார்ட்டருக்கு மூன்று நான்கு நாள், பாட்டிலில் மூன்று நாள், ஃப்ரிட்ஜில் இரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வேண்டுமென்றால் பத்து நாள் முன்பே தொடங்க வேண்டும்.

3. ஸ்டார்ட்டர் தயார் செய்வது

இஞ்சியின் தோலில் இயல்பாகவே ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் இருக்கின்றன. அவற்றுக்குச் சர்க்கரை கொடுத்துப் பெருக்குவதுதான் ஸ்டார்ட்டர். அதனால் இஞ்சியை மண் போகக் கழுவினால் போதும். தோலைச் சீவக் கூடாது, வெந்நீரிலும் போடக் கூடாது.

தை மாதம் செய்தால் நல்ல வசதி. பொங்கலுக்கு மஞ்சள் கொத்தோடு விற்கும் இஞ்சிக் கொத்து, இலையும் வேருமாக, வயலிலிருந்து நேரே வந்திருக்கும். அதில் ஸ்டார்ட்டர் சீக்கிரம் எழும். மற்ற மாதங்களில் சந்தையில் மண் ஒட்டிய இஞ்சியாகப் பார்த்து வாங்குங்கள். பளபளவென்று கழுவி பாலிதீனில் சுற்றியது பல நேரம் அசையாமல் கிடக்கும்.

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொதித்து ஆறிய தண்ணீர் அரை லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். தோலோடு துருவிய இஞ்சி 10 கிராம், சர்க்கரை 10 கிராம் போட்டுக் கலக்கி, வாயில் வெள்ளைத் துணியை நூலால் இறுக்கிக் கட்டுங்கள். துணி நெருக்கமான நெசவாக இருக்கட்டும். பழ ஈ உள்ளே போனால் அதோடு வினிகர் பாக்டீரியாவும் போகும்.

அடுத்தடுத்த நாட்களிலும் அதே நேரத்தில் அதே அளவு இஞ்சியும் சர்க்கரையும் போடுங்கள். ஒரு நாளில் இரண்டு முறை சுத்தமான கரண்டியால் கிளறிவிடுங்கள். மேலே மிதக்கும் துருவல் காய்ந்து கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், கிளறுவது அதற்காகத்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருப்பதால் அப்போது மூன்று முறை கிளறுங்கள்.

வெயில் காலத்தில் இரண்டாம் நாளே துருவல் மேலே எழும்பி நிற்கும். கரண்டியை விட்டால் 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்கும், ஓரங்களில் வெள்ளை நுரை கட்டும். மார்கழியில் இதற்கு ஐந்து நாள்கூட ஆகலாம். வாசனை இஞ்சியும் லேசான புளிப்புமாக இருந்தால் சரி.

கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ பஞ்சு போல ஏதாவது படர்ந்தால் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். மேலாக வழித்து எடுத்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் பகுதிக்குக் கீழேயும் அது இறங்கியிருக்கும்.

இப்போது பலரும் தவறவிடும் இடம். நன்றாக நுரைக்கிறதே என்று சர்க்கரை போட்ட கையோடு ஸ்டார்ட்டரை எடுத்துச் சோடாவில் ஊற்றிவிடுகிறார்கள். அப்போது அதில் இருக்கும் தின்னப்படாத சர்க்கரையும் பாட்டிலுக்குப் போகிறது, கணக்கு தவறுகிறது. கடைசியாகச் சர்க்கரை போட்ட பிறகு 12 மணி நேரமாவது பொறுங்கள். நுரை ஏறி, மெல்ல அடங்கத் தொடங்கும் நேரமே சரியான நேரம். சுவைத்துப் பார்த்தால் இனிப்பு அநேகமாக இருக்கக் கூடாது.

4. பாட்டிலைத் தேர்ந்தெடுப்பது, கழுவுவது

கூல்டிரிங்க்ஸ் வந்த பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும். தண்ணீர் பாட்டில் வேண்டாம். வித்தியாசம் அடியைப் பார்த்தால் தெரியும்: கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் அடிப்பாகம் ஐந்து கால் வைத்தது போல மேடும் குழியுமாக, கெட்டியாக இருக்கும். வாயு அழுத்தத்தைத் தாங்க அப்படி வார்த்திருக்கிறார்கள். தண்ணீர் பாட்டிலின் அடி தட்டையாகவும் சுவர் மெலிதாகவும் இருக்கும்; உப்பி, சாய்ந்து விழும்.

கண்ணாடிப் பாட்டில் பார்க்க அழகு. ஆனால் பழகும் வரை அதைத் தொட வேண்டாம். அளவு தப்பினால் பிளாஸ்டிக் உப்பிக் காட்டும், கண்ணாடி காட்டாமலே சிதறும். அலங்காரக் கடைகளில் கிடைக்கும் கம்பி மூடி பாட்டில்களில் பல, எண்ணெய் ஊற்றி வைக்கச் செய்த மெல்லிய கண்ணாடி.

பன்னீர் சோடா வந்த கோலி சோடா பாட்டிலைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. அது இந்த வேலைக்கு ஆகாது. உள்ளே வாயு அழுத்தம் இருந்தால்தான் கோலி மேலே ஏறி ரப்பரில் பதிந்து அடைக்கும். நம் பாட்டிலில் அடைக்கும்போது அழுத்தமே இல்லை, பிறகுதான் உண்டாகப்போகிறது.

பாட்டிலை வாசனையில்லாத சோப்பில் கழுவி, பலமுறை அலசி, கடைசியாகக் கொதித்து ஆறிய தண்ணீரால் ஒரு முறை அலசுங்கள். கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் பிளாஸ்டிக் சுருங்கிக் கோணிவிடும். கை பொறுக்கும் சூடு போதும். மூடியின் மரைக்குள் பழைய பானத்தின் பிசுக்கு ஒளிந்திருக்கும், அதைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். பாட்டிலில் வெள்ளைக் கோடாக மடிப்பு விழுந்திருந்தால் எறிந்துவிடுங்கள். அழுத்தம் ஏறும்போது அந்த இடம்தான் முதலில் விடும்.

5. இஞ்சிச் சாறு எடுப்பது

இஞ்சி 300 கிராமைத் தோல் சீவி, அரை லிட்டர் தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்து, துணியில் கட்டிப் பிழியுங்கள். இந்தச் சாற்றை அப்படியே அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு போல ஒன்று படியும். இஞ்சித் தேன் செய்யும் பாட்டிமார் எல்லோரும் இதை இறுத்துவிட்டுத்தான் மேல் சாற்றை எடுப்பார்கள்.

அது பெரும்பாலும் மாவுச்சத்து. அதோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் கஞ்சி போலக் குழம்பி, சோடா கடைசி வரை தெளியாது. அடியில் படிந்ததைக் கலக்காமல் மேல் சாற்றை மட்டும் மெல்ல வேறு பாத்திரத்துக்கு ஊற்றிக்கொள்ளுங்கள். கடைசிக் கால் டம்ளர் போனால் போகட்டும்.

தெளிந்த சாற்றில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் சேர்த்து, கொதி வந்த பிறகு ஐந்து நிமிடம் விட்டு இறக்குங்கள். இஞ்சியிலிருந்து வரும் தெரியாத கிருமிகள் இதில் போய்விடும். நமக்கு வேண்டியவை ஸ்டார்ட்டர் வழியாக மட்டும் வரட்டும். அதிக நேரம் கொதிக்கவிட்டால் பச்சை இஞ்சியின் காரம் மங்கிவிடும்.

இறக்கிய சூட்டோடு, தராசில் நிறுத்த 30 கிராம் சர்க்கரையைப் போட்டு முழுக்கக் கரையுங்கள். பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் என்று தனித்தனியாகப் போடுவது சுலபமாகத் தோன்றும். அப்படிச் செய்தால் ஒரு பாட்டில் சப்பென்று இருக்கும், பக்கத்துப் பாட்டில் கல்லாகிவிடும். மொத்தமாகக் கரைத்தால் எல்லாப் பாட்டிலிலும் ஒரே அளவு.

6. ஆறவைத்துக் கலப்பது

மீதி இரண்டரை லிட்டர் தண்ணீரை முன்பே கொதிக்க வைத்து ஆறவைத்திருந்தால் இப்போது அதைச் சேர்த்துவிடலாம், சூடு சட்டென்று இறங்கும். பாத்திரத்தைத் தட்டால் மூடி, தண்ணீர் நிரப்பிய அகலத் தொட்டியில் வையுங்கள். புறங்கையில் ஒரு சொட்டு விட்டால் சூடே தெரியக் கூடாது.

இங்கே அவசரப்படுபவர்கள்தான் அதிகம். 45 டிகிரியைத் தாண்டிய சூட்டில் ஸ்டார்ட்டரை ஊற்றினால் ஈஸ்ட் வாடிப்போகும், பாட்டில் எத்தனை நாள் ஆனாலும் அசையாது. 35 டிகிரிக்குக் கீழே வரும் வரை பொறுங்கள். கத்திரி வெயிலில் ராத்திரி ஆறவிட்டு அதிகாலையில் கலப்பது நல்லது.

ஆறியதும் முதலில் எலுமிச்சைச் சாறு. சூட்டில் சேர்த்தால் கசக்கும். அளவைக் குறைக்க வேண்டாம், அது ருசிக்காக மட்டும் போடுவது இல்லை. மூடிய பாட்டிலுக்குள் காற்று இல்லாத நிலையில், ஆபத்தான பாக்டீரியா வளராமல் இருக்கப் புளிப்பு வேண்டும். லிட்டருக்கு 30 மில்லி போட்டால் அந்தப் பாதுகாப்பு தாராளமாகக் கிடைக்கிறது.

அடுத்து, துணியில் வடிகட்டிய ஸ்டார்ட்டர் 125 மில்லி. வடிகட்டும் முன் அடியில் படிந்திருப்பதையும் கலக்கிக்கொள்ளுங்கள், ஈஸ்ட் பெரும்பாலும் அங்கேதான் படுத்திருக்கும். நிறைய ஊற்றினால் சீக்கிரம் நுரைக்கும் என்று 500 மில்லியையும் கவிழ்க்காதீர்கள். ஸ்டார்ட்டரில் ஏற்கெனவே நொதித்த சாராயமும் புளிப்பும் இருக்கின்றன. லிட்டருக்கு 25 மில்லி தாராளம்.

மொத்தம் 5 லிட்டர் வரவில்லை என்றால் ஆறிய தண்ணீர் விட்டு நிரப்புங்கள். 5 லிட்டருக்குத்தான் சர்க்கரையை அளந்திருக்கிறோம். நான்கு லிட்டரில் நிறுத்தினால் அழுத்தம் அந்த அளவுக்குக் கூடும்.

7. பாட்டிலில் அடைப்பது

புனல் வைத்து, கழுத்துக்குக் கீழே மூன்று விரல் இடம் விட்டு நிரப்புங்கள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் முன்னால் பாத்திரத்தை ஒரு கிளறு கிளறுங்கள். ஈஸ்ட் அடியில் இறங்கிக்கொண்டே இருக்கும். கிளறாமல் நிரப்பினால் முதல் பாட்டிலுக்கு அது போதாது, கடைசிப் பாட்டிலுக்கு அதிகமாகிவிடும்.

இனி ஒரு கைப்பழக்கம். மூடும் முன் பாட்டிலின் இடுப்பை இரண்டு பக்கமும் மெதுவாக அமுக்குங்கள். திரவம் கழுத்து வரை ஏறி, உள்ளே இருந்த காற்று வெளியே போகும். அமுக்கிய நிலையிலேயே மூடியை இறுக்கித் திருகுங்கள். கையை எடுத்த பிறகும் பாட்டில் ஒட்டிய வயிறோடு நிற்கும்.

இதில் இரண்டு நன்மை. காற்று போய்விடுவதால் வினிகர்ப் புளிப்புக்கு இடமில்லை. அதைவிட முக்கியமாக, உள்ளே நடப்பதைப் பாட்டிலே காட்டிவிடும். வாயு உண்டாக உண்டாக, ஒட்டிய வயிறு மெல்ல நிமிரும். அது நிமிரும் நாள்தான் நொதித்தல் நன்றாகப் பிடித்த நாள். பிறகு விறைக்கத் தொடங்கும்.

மூடியில் தேதியை எழுதி ஒட்டுங்கள். இரண்டு தடவை செய்ததை அருகருகே வைத்தால் எது எந்த நாளுடையது என்று நிச்சயம் குழம்பும்.

8. வெளியில் வைக்கும் நாட்கள்

வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில், ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் நிற்க வையுங்கள். மூடி சரியாக இல்லாமல் கசிந்தால் தரை ஒட்டாது, எறும்பும் வராது.

ஈஸ்ட்டுக்கு 25 முதல் 32 டிகிரி வரை சுகம். ஆடி முதல் ஐப்பசி வரை டெல்டா வீடுகளில் பாட்டில் மூன்று நாளில் விறைத்துவிடும். மார்கழி, தை ராத்திரிகளில் குளிர் இறங்குவதால் ஆறேழு நாள் ஆகும். அப்போது ஃப்ரிட்ஜின் பின்புறச் சூடு படும் இடம் நல்லது. கத்திரியில் ஓட்டு வீடானால் தரையிலேயே வைக்கலாம். தார்சு வீட்டு மாடி அறை கூடவே கூடாது. வேறு வழி இல்லை என்றால் பக்கெட்டில் பாதி உயரம் தண்ணீர் ஊற்றி, ஈரச் சாக்கைப் போர்த்துங்கள். 35ஐத் தாண்டினால் ஈஸ்ட்டைவிடப் புளிக்க வைக்கும் பாக்டீரியா முந்திக்கொள்ளும்.

தினமும் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். புதிதாகக் கடையில் வாங்கிய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை ஒரு தடவை அமுக்கிக் கை பழக்கிக்கொண்டால் ஒப்பிடலாம். அந்த அளவு கல்லாக இல்லாமல், கொஞ்சம் மட்டும் உள்வாங்கினால் நமக்குப் போதும்.

நடுவில் மூடியைத் திறந்து வாயுவை விடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அதிகச் சர்க்கரை போட்ட செய்முறைகளிலிருந்து வந்த பழக்கம் அது. இங்கே உள்ளே இருப்பதே அளந்து விட்ட வாயு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நுரையைத்தான் இழப்பீர்கள்.

9. குளிரில் படிய வைப்பது

விறைத்த பாட்டிலை உடனே திறந்தால் நுரையெல்லாம் ஒரே மூச்சில் வெளியேறி, மிச்சம் தட்டையாகிவிடும். வாயு சூட்டில் கரையாது, குளிரில் கரையும். 30 டிகிரியில் இருக்கும் பாட்டிலுக்குள் உள்ள அழுத்தம், அதே பாட்டில் ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்ததும் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மேலே நின்ற வாயு பானத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

அதற்கு இரண்டு நாள் கொடுங்கள். படுக்க வைக்காமல் நிற்க வையுங்கள். ஈஸ்ட் அடியில் மெல்லிய சாம்பல் நிறப் படலமாகப் படியும், பானம் தெளியும். லாகருக்கு இந்தக் கட்டம் உறைநிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் போகும். இஞ்சி சோடாவுக்கு இரண்டு மூன்று நாளிலேயே முரட்டு வாசனை அடங்கிவிடும்.

சர்க்கரையை அளந்ததன் முழுப் பலனும் இங்கேதான் தெரியும். மற்ற முறைகளில் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தால்தான் பாட்டில் பத்திரம். குளிர் நின்றால் மிச்சச் சர்க்கரை மறுபடி நொதிக்கும். நம் பகுதியில் அதை நம்பி இருக்க முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது டெல்டாவின் பல ஊர்களில் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம் என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். அளந்து அடைத்த பாட்டிலில் நொதிக்க மேற்கொண்டு ஒன்றும் இல்லை. கரண்ட் போனாலும் ருசிதான் குறையும்.

இரண்டு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள். அதற்கு மேல் இஞ்சியின் மணம் மங்கும்.

10. திறப்பதும் ஊற்றுவதும்

பாட்டிலைக் குலுக்காமல் எடுத்து, மூடியைக் கால் சுற்றுத் திருப்பி, சத்தம் அடங்கும் வரை நிறுத்துங்கள். பிறகு முழுவதும் திறக்கலாம்.

டம்ளரில் முதலில் பாகு, அப்புறம் சோடா. 200 மில்லிக்கு இரண்டு மேசைக்கரண்டி பாகு எனக்குச் சரியாக இருக்கிறது. நன்னாரிப் பாகு இஞ்சியோடு அருமையாகச் சேரும். பனங்கற்கண்டுப் பாகும் நன்றாக இருக்கும். டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாக வழியவிட்டு ஊற்றுங்கள். மேலிருந்து கொட்டினால் வாயு பறந்துவிடும்.

உப்பு போடுபவர்கள் அதைப் பாகிலேயே கரைத்துவிடுங்கள். ஊற்றிய சோடாவில் உப்புத் தூளைத் தூவினால் ஒவ்வொரு துகளையும் சுற்றி வாயு திரண்டு, பொங்கி வழிந்து, மிச்சம் தட்டையாகிவிடும்.

ஒரு பாட்டிலை ஒரே மூச்சில் ஊற்றி முடிப்பது நல்லது. பாட்டிலை நிமிர்த்தி நிமிர்த்தி ஊற்றினால் அடியில் படிந்த ஈஸ்ட் கலங்கிவிடும். கடைசி இரண்டு விரல் அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

11. தவறினால் என்ன செய்வது

*ஐந்து நாளாகியும் வயிறு ஒட்டியே இருக்கிறது.* ஸ்டார்ட்டர் பலமில்லை, அல்லது சூட்டில் கலந்துவிட்டீர்கள். பாட்டிலை ஒரு முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து எடுத்து, வெதுவெதுப்பான இடத்தில் இன்னும் இரண்டு நாள் வையுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் கொட்டிவிட்டு ஸ்டார்ட்டரிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மேலும் சர்க்கரை போட்டுப் பார்க்காதீர்கள். தாமதமாக விழித்துக்கொண்டால் இரண்டு பங்கும் சேர்ந்து நொதிக்கும்.

*ஒரே நாளில் கல்லாகிவிட்டது.* சர்க்கரை அளவில் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. அறைச் சூட்டில் திறக்க வேண்டாம். உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, குறைந்தது 12 மணி நேரம் குளிர்ந்த பிறகு, பக்கெட்டுக்கு மேல் பிடித்து, முகத்தை விலக்கி, மூடியை விட்டு விட்டுத் திருப்புங்கள்.

*வினிகர் வாடை.* காற்று புகுந்திருக்கிறது. மூடியின் உள்பக்கத்தையும், ஸ்டார்ட்டரின் துணியையும் பாருங்கள். பெரும்பாலும் பழ ஈயின் வேலை.

*கொழகொழவென்று நூல் இழுக்கிறது.* ஒருவகை பாக்டீரியா சர்க்கரையைப் பசையாக்கிவிட்டது. சோடாவையும் ஸ்டார்ட்டரையும் கொட்டிவிடுங்கள். அந்தப் பாட்டில்களை மறுபடி எடுக்காதீர்கள், மரையிலும் கீறலிலும் அது தங்கிவிடும்.

*லேசான அழுகிய முட்டை நாற்றம்.* ஈஸ்ட் திணறியதன் அடையாளம். குளிரில் இன்னும் மூன்று நாள் வைத்துப் பாருங்கள், டம்ளரில் ஊற்றிச் சற்று வைத்தால் பெரும்பாலும் பறந்துவிடும். போகவில்லை என்றால் குடிக்க வேண்டாம்.

*சோடா தெளியவில்லை.* இஞ்சிச் சாற்றைத் தெளிய வைக்காமல் கொதிக்க வைத்திருக்கிறீர்கள். குடிப்பதால் கெடுதல் இல்லை.

12. ஸ்டார்ட்டரைக் காப்பாற்றி வைப்பது

125 மில்லி எடுத்த பிறகு மீதி ஸ்டார்ட்டரில் எடுத்த அளவுக்கே ஆறிய தண்ணீரும், 10 கிராம் இஞ்சியும், 10 கிராம் சர்க்கரையும் சேர்த்து, நுரை வந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். குளிரிலும் அது மெல்ல நொதித்துக்கொண்டிருக்கும். வாரம் ஒரு முறை ஒரு ஸ்பூன் சர்க்கரையும் கொஞ்சம் துருவலும் கொடுங்கள், பழைய துருவலில் பாதியை அள்ளி எடுத்துவிடுங்கள்.

அடுத்த தடவை செய்யும்போது இரண்டு நாள் முன்பே வெளியில் எடுத்து, ஒரு முறை சர்க்கரை போட்டு, நுரை ஏறி அடங்கும் வரை பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் பாட்டில் இரண்டு நாள் தூங்கும்.